தஹ்ரான், பிப்ரவரி 1991: இடம் தவறிப் பார்த்த ரேடார்

நிகழ்வு

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போரில் தரைப்படைத் தாக்குதல் தொடங்கி இரண்டாம் நாள். சவூதி அரேபியாவின் கிழக்குக் கரையில், தஹ்ரான் நகரை ஒட்டி, ஒரு கிடங்கைப் படைவீரர்கள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அதன்மேல் விழுந்தது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள்.

இறந்தவர்களில் 13 பேர் பென்சில்வேனியா மாநிலத்தின் கிரீன்ஸ்பர்க் நகரிலிருந்து வந்த ஒரே சேமப்படைப் பிரிவினர். படைகளுக்குக் குடிநீரைச் சுத்திகரித்துக் கொடுப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. 69 பேராக வந்திறங்கி ஆறே நாள் ஆகியிருந்தது. 13 பேர் இறந்தது போக, 43 பேர் காயமடைந்தார்கள்.

இத்தகைய தாக்குதலிலிருந்து அந்தப் பகுதியைக் காப்பதற்காகவே பேட்ரியட் எதிர்ப்பு ஏவுகணை அணி அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. அன்றிரவு அதன் ரேடாரும் கணினியும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் வந்த ஏவுகணையைக் கணினியால் பின்தொடர முடியவில்லை. எதிர்ப்பு ஏவுகணை கிளம்பவும் இல்லை.

காரணத்தை அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான பொதுக் கணக்கு அலுவலகம் ஆராய்ந்து, 1992 பிப்ரவரியில் அறிக்கையாக வெளியிட்டது. மென்பொருள் எழுதுவோருக்கு வகுப்பெடுக்கும்போது இந்த நிகழ்வைப் பலமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ‘பின்னத்தைச் சுருக்கியதால் வந்த பிழை’ என்று எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்பு சரிதான், ஆனால் போதாது. பிழை 14 நாள் முன்பே தெரிந்திருந்தது. திருத்திய மென்பொருளும் தயாராக இருந்தது. போதாக்குறைக்கு எச்சரிக்கையும் அனுப்பப்பட்டிருந்தது. இத்தனைக்கும் பிறகு அது எப்படி உயிர்களைப் பறித்தது என்பதை நாள்வாரியாகப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

எதற்காகச் செய்த கருவி

ஐரோப்பாவில் போர் மூண்டால் சோவியத் விமானங்களையும் குரூஸ் ஏவுகணைகளையும் வீழ்த்துவதற்காக வடிவமைக்கப்பட்டது பேட்ரியட். இலக்கின் வேகம் அதிகம் போனால் ஒலியைப்போல் இரு மடங்கு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரே இடத்தில் நின்றால் எதிரி கண்டுபிடித்துவிடுவான். ஆகவே சில மணி நேரம் நின்று, பிறகு மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போவதுதான் அதன் வழக்கமாக இருக்கும் என்றும் கருதினார்கள். இலக்கைக் கணக்கிடும் கணினி 1970களின் வடிவமைப்பு. மிக நுண்ணிய கணக்குகளுக்கு அதில் இடம் குறைவு.

சவூதிப் பாலைவனத்தில் இந்த இரண்டு எதிர்பார்ப்புகளும் பொய்த்தன. வந்தவை ஸ்கட் ஏவுகணைகள். வேகம் ஒலியைப்போல் ஐந்து மடங்கு, நொடிக்கு ஏறத்தாழ 1,676 மீட்டர். அவை எப்போது வரும் என்று தெரியாததால் அணிகள் நின்ற இடத்திலேயே இரவும் பகலும் இயங்கின.

வேகத்தோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஈராக் ஏவியவை பெரும்பாலும் அல் உசைன் என்ற வகை. பழைய ஸ்கட்டின் உடலை நீட்டி, வெடிமுனையின் எடையைக் குறைத்து, 600 கிலோமீட்டருக்கு மேல் போகும்படி மாற்றியிருந்தார்கள். கீழே இறங்கும்போது அடர்ந்த காற்றின் அழுத்தத்தை அந்த உடல் தாங்கவில்லை. பல ஏவுகணைகள் நடுவானிலேயே உடைந்தன. உடைந்த முன்பகுதி திருகுபோலச் சுழன்று நெளிந்து இறங்கியது. அதைத் திருப்ப ஒரு விமானியோ கருவியோ கிடையாது. ஆனால் பின்தொடரும் ரேடாருக்கு, வேண்டுமென்றே வளைந்து நெளியும் இலக்குக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. மிக வேகமாகப் பறக்கும் இலக்கு, கணித்த பாதையிலிருந்து எந்த நொடியும் விலகலாம். இதைவிடக் கடினமான வேலையை ஒரு ரேடாருக்குத் தர முடியாது.

அடுத்து எங்கே பார்ப்பது

‘ரேடார் ஓர் இலக்கைப் பார்க்கிறது’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடப்பது வேறு. ரேடார் ஒரு துடிப்பை அனுப்புகிறது, எதிரொலி வருகிறது. அந்தக் கணத்தில் அங்கே ஏதோ இருந்தது என்பது மட்டும் தெரிகிறது. அது பறவையாக இருக்கலாம், மேகமாக இருக்கலாம், வெறும் மின்னிரைச்சலாகவும் இருக்கலாம். உண்மையான இலக்கு என்றால் அடுத்த துடிப்பின்போது அது எங்கே இருக்க வேண்டும் என்று கணினி கணிக்கிறது. அந்த இடத்தைச் சுற்றி ஒரு சிறு சாளரத்தை வரைந்துகொள்கிறது. இரண்டாம் எதிரொலி அந்தச் சாளரத்துக்குள் வந்தால் இலக்கு உறுதியாகிறது. வெளியே வரும் எதையும் கணினி பொருட்படுத்தாது.

இரவில் புனத்துக்குக் காவலிருப்பவர் பரண்மேலிருந்து டார்ச் அடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். ஒரு கணம் இரண்டு கண்கள் மின்னி மறைகின்றன. பன்றி ஓடும் திசையும் வேகமும் மனத்தில் பதிந்திருக்கும். அடுத்த வெளிச்சத்தை அவர் பழைய இடத்தில் அடிக்கமாட்டார், அது ஓடிச் சேர்ந்திருக்கும் இடத்தில் அடிப்பார். அந்த இடத்தில் ஒன்றும் இல்லையென்றால், முதலில் கண்டது கண்மயக்கு என்று நினைத்துக்கொள்வார்.

சாளரத்தை அகலமாக வைத்துவிட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். வைக்கலாம். அப்போது அதற்குள் வேண்டாத எதிரொலிகளும் நுழையும். உடைந்த துண்டுக்கும் வெடிமுனைக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். கணினி பொய் இலக்குகளின் பின்னால் ஓடும். குறுகலாக வைத்தால், நெளிந்து பறக்கும் இலக்கு நழுவிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அளவைப் பிடிப்பதுதான் தடங்காணும் கலை. 1960இல் கால்மன் என்ற பொறியாளர் வகுத்த வடிகட்டி (இரைச்சல் கலந்த அளவுகளிலிருந்து இலக்கின் நிலையைக் கணிக்கும் கணித முறை) தொடங்கி இன்றுவரை, கணிப்பில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறது என்று அளந்து அதற்கேற்பச் சாளரத்தை விரிக்கவும் சுருக்கவும் எத்தனையோ முறைகள் வந்திருக்கின்றன. அவை எல்லாவற்றிலும் மாறாத ஒன்று உண்டு: முந்தைய எதிரொலி வந்த நேரம் சரியாகத் தெரிய வேண்டும். வேகத்தை நேரத்தால் பெருக்கினால்தான் தொலைவு கிடைக்கும். நேரம் பிசகினால் சாளரம் இடம் மாறிவிடும்.

பத்தில் ஒரு நொடி

பேட்ரியட் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. இயக்கிவிட்ட கணத்திலிருந்து 1, 2, 3 என்று முழு எண்ணாக எண்ணிக்கொண்டே போகும். அணைத்து மீண்டும் இயக்கினால் மறுபடி தொடக்கத்திலிருந்து எண்ணும். இந்த எண்ணிக்கையைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் எத்தனை நொடி ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

நமக்குப் பத்தில் ஒன்று என்பது 0.1, அதோடு முடிந்தது. கணினியின் இரும முறையில் அது முடியாத பின்னம். மூன்றில் ஒன்றை நாம் 0.3333 என்று எழுதிக்கொண்டே போவதுபோல, கணினியில் பத்தில் ஒன்று 0.000110011001100 என்று, 0011 திரும்பத் திரும்ப வந்து நீண்டுகொண்டே போகும். பேட்ரியட் கணினியின் பதிவகத்தில், அதாவது ஓர் எண்ணை வைக்கும் இடத்தில், இருந்தது 24 பிட், அதாவது 24 இரும இலக்கம். அதற்கு மேல் உள்ளதை வெட்டிவிட வேண்டியதுதான். வெட்டியதால் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஏறத்தாழ 0.000000095 நொடி குறைந்துபோனது.

இந்தப் பெருக்கலை மாணவர்களே பலகையில் போட்டுப் பார்க்கும்படி செய்வேன். 100 மணி நேரத்தில் 3,60,000 நொடி. பத்தில் ஒரு நொடியாக எண்ணினால் 36 லட்சம். 36 லட்சத்தை 0.000000095ஆல் பெருக்கினால் 0.34 நொடி. கண் இமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். 1,676 மீட்டர் என்ற வேகத்தைக் கொண்டு நேராகப் பெருக்கினால் 570 மீட்டர் வருகிறது. தணிக்கை அறிக்கையின் அட்டவணையோ 100 மணி நேரத்துக்குச் சாளரம் 687 மீட்டர் நகரும் என்று காட்டுகிறது; இனி அதன் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். அதே அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு 7 மீட்டர், 8 மணி நேரத்துக்கு 55 மீட்டர், 20 மணி நேரத்துக்கு 137 மீட்டர்.

முதலில் திட்டமிட்டபடியே கருவி பயன்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்று மணி நேரம் இயங்கிய கணினி, ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்தில் வரும் விமானத்தைக் கணித்தால் பிழை ஏழு மீட்டர் அளவில் நின்றிருக்கும். விமானத்தின் நீளமே அதைவிட அதிகம். யாருக்கும் தெரியாமலேயே அந்தப் பிழை பல காலம் அங்கே கிடந்திருக்கும். அதை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட வேலைக்கு அந்த நுணுக்கம் போதுமானதாகவே இருந்தது. வேலை மாறியபோது இந்தக் கணக்கை யாரும் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 11: இஸ்ரேலிலிருந்து வந்த தரவு

போரின்போது இஸ்ரேலிலும் பேட்ரியட் அணிகள் இருந்தன. பேட்ரியட்டுக்குள் நடப்பதைப் பதிவுசெய்யும் வசதி அப்போது அதிலேயே இருக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு பதிவுக் கருவியை இணைக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலில் இணைத்தார்கள். சவூதியில் இருந்த அமெரிக்கத் தளபதிகள் வேண்டாம் என்றார்கள். அதை இணைத்தால் கருவி எதிர்பாராமல் நின்றுவிடக்கூடும் என்பது அவர்கள் அச்சம்.

எந்த நேரமும் ஏவுகணை விழலாம் என்ற நிலையில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரே காவலில் புதிதாக எதையும் சொருக எவருக்கும் கை வராது. ஆனால் அந்த முடிவால், தங்கள் ரேடார் சரியாகப் பார்க்கிறதா என்று அறியும் வழியைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். நான் இந்த நிகழ்வை எத்தனை முறை படித்தாலும் வந்து நிற்கும் இடம் இதுதான். ‘நின்றுவிடக்கூடாது’ என்ற அச்சம் இந்தக் கதையில் இரண்டு முறை வருகிறது. இது முதல் முறை.

இஸ்ரேலின் பதிவுகள் பிப்ரவரி 11 அன்று அமெரிக்கத் தரைப்படையின் பேட்ரியட் திட்ட அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. எட்டு மணி நேரம் தொடர்ந்து இயங்கியபின் சாளரம் 20 சதவீதம் நகர்ந்திருப்பதாக அவை காட்டின. இதை மேலே சொன்ன அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. 55 மீட்டர் என்பது 20 சதவீதம் என்றால், சாளரத்தின் முழு அகலம் ஏறத்தாழ 275 மீட்டர். இலக்கு நடுவில் இருப்பதாகக் கொண்டால், 50 சதவீதம் நகர்ந்ததும் அது விளிம்புக்கு வந்துவிடும். அந்த அளவு 137 மீட்டர். எட்டும் நேரம் 20 மணி. அதற்கு மேல் ஓடும் அணிக்கு ஸ்கட் தெரியாது. இது பிப்ரவரி 11 அன்றே கையிலிருந்த தரவைக் கொண்டு ஒரு தாளில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

அதிகாரிகள் பிழையின் காரணத்தைப் புரிந்துகொண்டார்கள். திருத்தும் வேலையையும் தொடங்கினார்கள். ஆனால் இஸ்ரேலியர்கள் ஓட்டும் விதம் வழக்கத்துக்கு மாறானது என்றும், மற்றவர்கள் எட்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இயக்குவதில்லை என்றும் அனுமானித்துக்கொண்டார்கள். சவூதியில் பதிவுக் கருவி இல்லாததால், அந்த அனுமானத்தை மறுக்கத் தரவு எதுவும் தானாக வந்து சேரவும் வழியில்லை.

பிப்ரவரி 16 முதல் 21 வரை: எடுத்த முடிவுகள்

திருத்திய மென்பொருள் ஐந்தே நாளில், பிப்ரவரி 16 அன்று வெளியானது. போர்க்காலத்தில் இது மிக விரைவான வேலை; செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் மென்பொருளைக் கம்பி வழியாக அனுப்பிவிட முடியாது. விமானத்தில் இடம் பிடித்து, பிறகு தரைவழியே வண்டி பிடித்து, பாலைவனத்தில் ஒவ்வோர் அணியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

வந்து சேரும்வரை என்ன செய்வது? அதற்காகப் பிப்ரவரி 21 அன்று பேட்ரியட் அணிகளுக்கு ஓர் எச்சரிக்கை போனது. மிக நீண்ட நேரம் தொடர்ந்து இயக்கினால் சாளரம் நகரக்கூடும், அதனால் இலக்கு விலகித் தெரியக்கூடும் என்றது அது. கணிப்பைச் செம்மைப்படுத்தும் மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது என்றும் சொன்னது.

மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. அந்த நேரத்தை எட்டினால் என்ன செய்ய வேண்டும் என்றும் இல்லை. அணிகள் அவ்வளவு நேரம் தொடர்ந்து இயக்கமாட்டார்கள், ஆகவே கூடுதல் விளக்கம் தேவையில்லை என்று பின்னர் அதிகாரிகள் சொன்னார்கள்.

இந்த ஒரு சொற்றொடரை இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து படித்ததாக எண்ணிப் பார்க்கிறேன். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறும் கருவியை மனத்தில் வைத்திருப்பவருக்கு எட்டு மணி நேரமே மிக நீளம். இரவு பகலாக ஒரே இடத்தில் காவலிருக்கும் வீரருக்கு ஒரு முழு நாள் என்பது அன்றாட வேலை. மிக நீளம் என்பது வாரக் கணக்காக இருக்கலாம், மாதக் கணக்காகவும் இருக்கலாம். எழுதியவர் ஒன்றைச் சொன்னார், படித்தவருக்கு வேறொன்று விளங்கியது. இருவரும் தவறாக எண்ணியதாகச் சொல்ல முடியாது.

மருந்து கையிலேயே இருந்தது என்பதுதான் வேதனை. கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் எண்ணிக்கை தொடக்கத்துக்குப் போய்விடும், பிழையும் அதோடு போய்விடும். அதற்கு ஆகும் நேரம் 60 முதல் 90 நொடி. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்திருந்தாலும் ஒரு நாளில் நாலரை நிமிடத்துக்கு மேல் போகாது. அந்த நாலரை நிமிடத்தில் ஏவுகணை வந்துவிட்டால்? நியாயமான அச்சம்தான். இது அந்த அச்சத்தின் இரண்டாம் வருகை. ஆனால் 20 மணி நேரத்துக்குப் பிறகு அந்த அணி நாள் முழுவதும் பார்வையில்லாமல்தான் நிற்கும் என்று களத்தில் யாருக்கும் சொல்லப்படவில்லை. நாலரை நிமிடத்தையும் ஒரு முழு நாளையும் தராசில் வைக்க, அவர்களிடம் ஒரு தட்டுதான் இருந்தது.

பிப்ரவரி 21 முதல் 25 வரை

அந்த அணி தாக்குதல் நேரத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இயங்கியிருந்தது என்கிறது அறிக்கை. 25ஆம் தேதி இரவிலிருந்து 100 மணி நேரம் பின்னோக்கி எண்ணினால் 21ஆம் தேதி பிற்பகல் வருகிறது. ஆக, எச்சரிக்கை அனுப்பப்பட்ட அதே நாளில், இல்லையென்றால் அதற்குச் சற்று முன், அந்தக் கணினியின் எண்ணிக்கை தொடங்கியிருக்க வேண்டும். எச்சரிக்கையோடு ‘எட்டு மணி’ என்ற ஒரு சொல் சேர்ந்து போயிருந்தால், அதற்குக் கீழ்ப்படிய அவர்களுக்கு நான்கு முழு நாள் இருந்தது.

கணக்குப்படி 22ஆம் தேதி பகலிலேயே 20 மணி நேரம் கடந்துவிட்டது. அதன்பின் மூன்று நாளுக்கு மேல் அந்த ரேடார் வானத்தைத் தேடியது, விளக்குகள் எரிந்தன, திரையில் பழுது எதுவும் காட்டவில்லை. தன் கடிகாரம் பின்தங்கிவிட்டது என்று காட்டும் அறிகுறி எதையும் கணினி வெளியிடாது. ஏனென்றால் அதற்கே அது தெரியாது.

25ஆம் தேதி இரவு ஸ்கட் வந்தபோது சாளரம் 687 மீட்டர் தள்ளி இருந்தது. அதாவது, தன் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு தொலைவு. கணினி பார்த்த இடத்தில் வெற்று வானம். இரண்டாம் எதிரொலி அங்கே கிடைக்காததால், தடம் உருவாகவில்லை. தடம் இல்லாமல் பேட்ரியட் சுடாது.

பிப்ரவரி 26-க்குப் பிறகு

மறுநாள், பிப்ரவரி 26 அன்று, திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது. 28ஆம் தேதி போர் நின்றது.

பேட்ரியட் அந்தப் போரில் எத்தனை ஸ்கட்களை வீழ்த்தியது என்பது பற்றிப் பின்னாளில் பெரும் விவாதம் எழுந்தது. தரைப்படை முதலில் சொன்ன வெற்றிக் கணக்கைத் தானே குறைத்துக்கொண்டது; 1992இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. அது தனி ஆய்வுக்குரிய பொருள் என்பதால் இங்கே விடுகிறேன்.

மென்பொருள் பற்றி அதே ஆண்டில் வெளியான ஒரு கணிதக் கட்டுரை, தணிக்கை அறிக்கை தொடாத ஒரு நுட்பத்தைச் சொன்னது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். கடிகாரம் எப்போதும் ஒரே விகிதத்தில் பின்தங்குகிறது என்றால், அடுத்தடுத்த இரண்டு துடிப்புகளின் நேரத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு பிழை இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பிழையும் கழிந்துபோகும். சாளரத்தைக் கணிக்க வேண்டியது அந்த இடைவெளிதானே? அப்படியானால் 100 மணி நேரம் ஓடினாலும் பெரிய தீங்கு வந்திருக்கக்கூடாது.

வந்ததற்குக் காரணம், ஒரு திருத்தம். ஏவுகணைகளைச் சமாளிப்பதற்காக, நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றித் தரும் ஒரு துணைநிரலை இடையில் எழுதிச் சேர்த்திருந்தார்கள். அதை நிரலில் ஆறு இடம் அளவில் பொருத்த வேண்டியிருந்தது. சில இடங்களில் பொருத்தினார்கள், எல்லா இடத்திலும் பொருத்தவில்லை. அதனால் ஒரு துடிப்பின் நேரம் புதிய துல்லியத்திலும் இன்னொன்றின் நேரம் பழைய வெட்டுப்பட்ட கணக்கிலும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே மாதிரி தவறியிருந்தால் கழிந்திருக்கும் பிழை, ஒன்று மட்டும் சரியானதால் முழுதாக நின்றுவிட்டது. பழையது பழையதாகவே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். முழுதாகத் திருத்தியிருந்தாலும் பிழைத்திருப்பார்கள்.

இதைக் கேட்டு வகுப்பில் ஒரு மாணவி, “அப்போது திருத்தியவர்தான் குற்றவாளியா, ஐயா?” என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். ஒரு கணக்கை ஆறு இடத்தில் தனித்தனியாக எழுத விட்ட அமைப்பில், எந்த நல்ல பொறியாளரும் ஐந்தை மாற்றிவிட்டு ஆறாவதை மறந்துபோவார்.

மாற வேண்டியவை

நேரத்தை முழு எண்ணாகவே வைத்துக்கொண்டு, இடைவெளியை முழு எண்ணிலேயே கழித்துவிட்டு, கடைசியில் மட்டும் நொடியாக மாற்றினால் இந்தப் பிழை பிறக்கவே பிறக்காது. அல்லது பத்தில் ஒரு நொடிக்குப் பதில், இரும முறையில் முடிவுபெறும் பின்னமான பதினாறில் ஒரு நொடியாக எண்ணியிருக்கலாம். இரண்டும் செலவில்லாத வழிகள். இன்று ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் காற்றில் சறுக்கிப் பறந்துகொண்டே திசை மாற்றும் ஏவுகணைகளைப் பின்தொடர, ஒரே இலக்குக்குப் பல இயக்க மாதிரிகளை ஒன்றாக ஓட்டி, எது பொருந்துகிறதோ அதற்கேற்பச் சாளரத்தை நகர்த்துகிறார்கள். அவ்வளவு நுட்பமும் நேர முத்திரையின்மேல்தான் நிற்கிறது. இலக்கு நேராக வரும்போது பொறுத்துக்கொள்ளக்கூடிய நேரப் பிழையை, அது திரும்பக்கூடும் என்று எதிர்பார்க்கும்போது ‘இலக்கு திரும்பிவிட்டது’ என்று வடிகட்டி தவறாக எடுத்துக்கொள்ளும். ஆகவே இந்தத் துறையில் எழுதுபவர்களிடம் நான் வற்புறுத்துவது, கணினியை 10 நிமிடம் சோதித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள் என்பது. களத்தில் எத்தனை நாள் ஓடுமோ, அதைப்போல் இரு மடங்கு நேரம் ஓடவிட்டுப் பிறகு இலக்கைக் காட்டுங்கள்.

பதிவுக் கருவி விஷயத்திலும் மாற்றம் வேண்டும். தன்னைத்தானே பதிவுசெய்யாத கருவி சரியாக ஓடுகிறதா என்று எதை வைத்துச் சொல்வது? வெளியிலிருந்து சொருகும் பெட்டியாக வந்ததால்தான் தளபதிகள் அஞ்சினார்கள். பதிவு கருவிக்குள்ளேயே பிறந்திருந்தால் அந்தத் தயக்கத்துக்கே இடமிருந்திருக்காது.

எச்சரிக்கைக்கு வருகிறேன். நீண்ட நாள் தொடர்ந்து ஓடினால் மட்டும் வெளிப்படும் இன்னொரு பிழை 2015இல் போயிங் 787 விமானத்தில் தெரியவந்தது. மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கணினி தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தோடு இருந்தால், உள்ளே ஓர் எண்ணிக்கை நிரம்பி வழிந்து, விமானமே முழுவதுமாக மின்சாரம் இழக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனையில் கண்டார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் உத்தரவு போட்டது. அதில் 248 நாள் என்ற எண் இருந்தது. 120 நாளுக்குள் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டும் என்ற எண்ணும் இருந்தது. எந்த ஊர் விமான நிலையத்தில் எந்தப் பணியாளர் படித்தாலும் ஒரே பொருள்தான். திருத்திய மென்பொருள் வரும்வரை அந்த எண் காவல் காத்தது.

பிப்ரவரி 11 அன்று கையிலிருந்த தரவை மட்டும் வைத்துக்கொண்டு, பிப்ரவரி 21 அன்று போக வேண்டியிருந்த செய்தியை மாணவர்களை எழுதச் சொல்வேன். போன வகுப்பில் ஒருவர் எழுதியது இது. நான் ஓர் எழுத்தும் திருத்தவில்லை:

“8 மணி நேரத்துக்கு ஒருமுறை கணினியை அணைத்து மீண்டும் இயக்கவும், 90 நொடி ஆகும். 20 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிய ரேடாரால் ஸ்கட்டைப் பின்தொடர முடியாது. உங்கள் கணினி எத்தனை மணி நேரமாக ஓடுகிறது என்று இப்போதே பதில் அனுப்பவும்.”